இஸ்திரி மேசையிலிருந்து பத்தாவது இடத்துக்கு

எஞ்சினியர் லாகட், நாகுரு நகர இணையக் கார்ப்பந்தயச் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் இரண்டாவது உறுப்பினர் சேர்வதற்கு முன்பே அவர் தலைவராகிவிட்டார். புதிதாக வந்தவர்கள் யாராவது "ஓட்ட என்ன வேணும் சார்?" என்று குழுவில் கேட்டுவிட்டால் போதும், தம் வீட்டு அறையின் படத்தைப் போட்டுவிடுவார். மூன்று திரைகள், நிஜ ராலிக் காரிலிருந்து கழற்றிய இருக்கை, அதற்கடியில் ஆளைப் போட்டுக் குலுக்கும் மோட்டார்கள், உடம்பெல்லாம் பொத்தான் முளைத்த ஸ்டீயரிங். படத்துக்குக் கீழே, "ஆரம்பிப்பவர்களுக்கு இது போதும்" என்று அடக்கமாக ஒரு வரி. கேட்டவர் அதற்கப்புறம் பேசவே மாட்டார்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் முகுரேயும் அப்படித்தான் பேசாமல் போனாள். ஆனால் போனவள் நேராக ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினாள். நைரோபியில் ஒருவன் கல்யாணமாகிவிட்டது என்று விற்ற பழைய ஸ்டீயரிங்கும் பெடலும், மட்டாட்டு என்னும் ஷேர் வேனில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டரில் ஓட்டும் அந்தப் பந்தய விளையாட்டு இலவசம். ஸ்டீயரிங்கை மாட்ட மேசை இல்லாததால் இஸ்திரி மேசையில் மாட்டினாள். நிஜக் காரை அவள் வாழ்நாளில் ஓட்டியதில்லை. கற்றதெல்லாம் அந்த இஸ்திரி மேசையில்தான்.

ஞாயிறு பிற்பகல் தகுதிப் பந்தயம். இருபது பேர் ஓடுவார்கள். முதல் பத்துப் பேருக்கு மட்டும் இந்த ஆண்டுப் போட்டிகளில் இடம். மற்றவர்கள் அடுத்த ஆண்டு வரை கைதட்டிக்கொண்டிருக்கலாம். முகுரே முந்தைய இரவு தூங்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். பிரேக்கை அழுத்தி மிதித்தால் பெடல் பலகை வழுக்கிக்கொண்டு ஓடியது. மாவு மூட்டையை முட்டுக்கொடுத்துப் பார்த்தாள், மூட்டை கிழிந்தது. எனவே அறைத் தோழி அவோர் தரையில் உட்கார்ந்து, பலகைக்கு முதுகைக் கொடுத்து, காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். மடியில் ஒரு தட்டு மண்டாஸிப் பணியாரம்.

பந்தயம் தொடங்குமுன் எல்லோர் காதிலும் தலைவரின் குரல் ஒலித்தது.

"நண்பர்களே, சில பேர் வீட்டுச் சாமான்ல ஸ்டீயரிங்கை மாட்டிட்டு வந்திருக்கீங்க. பரவால்ல, தப்பில்ல. லைசென்ஸே இல்லாத ஒரு மேடமும் இருக்காங்க. ஆனா தயவுசெஞ்சு நிஜமான டிரைவர்களுக்கு வழி விடுங்க."

"எஞ்சினியர் சார்," என்றான் எல்டொரெட்டில் பால் லாரி ஓட்டும் சிமியு, "நீங்க பேசறதே கேக்கல. உங்க சீட்டு மாவு மில்லு மாதிரி கத்துது."

பச்சை விளக்கு எரிந்தது.

முதல் வளைவிலேயே இருவர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு மணலில் இறங்கினார்கள். முகுரே விலகி ஓடினாள். சுற்றுக்குச் சுற்று ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசிச் சுற்றில் பதினைந்தாவதாக வந்தபோது அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மெதுவா மிதிடி! என் முதுகு என்ன கவர்மென்ட் ரோடா?" என்று அலறினாள் அவோர்.

"மெதுவா மிதிச்சா நிக்காதுடி! இன்னும் அஞ்சு பேரைப் புடிக்கணும்!"

"புடி, புடி! புடிச்சிட்டு எனக்கு ஆஸ்பத்திரியில இடம் புடி!"

முன்னால் ஆறு கார்கள் ரயில்பெட்டி போல ஒட்டிக்கொண்டு ஊர்ந்தன. எஞ்சின் தலைவர்தான். ஒன்பதாவது இடத்தில் இருந்த அவர், பாதையின் இரு ஓரத்துக்கும் சொந்தக்காரரைப் போல ஆடி ஆடிப் போனார். பின்னால் ஐந்து பேர், அவர்களுக்குப் பின்னால் முகுரே. மலை உச்சியில் கொண்டை ஊசி வளைவு வந்தது. தலைவர் தாமதமாக பிரேக் பிடித்தார். மோட்டார் இருக்கை அவரைத் தூக்கி அடித்தது. கார் சுழன்று, வெளியே புல்லில் போய், வந்த திசையைப் பார்த்து நின்றது. பிடிமானத்துக்கு அவர் ஸ்டீயரிங்கைத் தழுவியதில் எந்தப் பொத்தானிலோ கைபட்டு, முன்விளக்குகள் மினுக்மினுக்கென்று இருமுறை எரிந்தன.

எங்கள் நாட்டுச் சாலையில் எதிர்வண்டி விளக்கை மினுக்கினால் ஒரே பொருள்தான்: அந்தப் பக்கம் போலீஸ் நிற்கிறது. இதற்கு மூளை தேவையில்லை, காலே பார்த்துக்கொள்ளும். லைசென்ஸ் வைத்திருந்த ஐந்து பேரின் கால்களும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டன. ஐந்து கார்களும் வேகம் குறைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல இடது ஓரமாக வரிசையில் வந்தன. சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிய சிமியு சீட் பெல்ட்டைத் தேடித் தோளைத் தடவினான்.

முகுரேவுக்கு விளக்கின் பாஷை தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வலப்பக்கம் திடீரென்று மைதானம் போல் காலியாகிவிட்டது என்பதுதான். போனாள்.

"ஒம்போது! அவோர், நான் ஒம்போது!"

"எப்படிடி?"

"தெரியல! பேசாத!"

சிமியு விழித்துக்கொண்டு துரத்தினான். நேர்பாதையில் ஒட்டினான், உரசுவதுபோல் வந்தான், தாண்டியே விட்டான். பத்து. இன்னொருவன் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டிருந்தான். கடைசி வளைவு.

"இப்ப! தாங்குடி!"

முகுரே முழு பலத்தோடும் மிதித்தாள். அவோர் கண்ணை மூடிக்கொண்டு சுவரை உதைத்தாள். மண்டாஸிகள் நாலாபக்கமும் உருண்டன. பலகை அசையவில்லை. கார் வளைவின் உட்புறத்தைக் கத்தியால் கீறியதுபோலத் தொட்டுத் திரும்பி, பின்னால் வந்தவனுக்கு அரை மூக்கு முன்னால் கோட்டைக் கடந்தது.

"ஆட்சேபணை!" தலைவரின் குரல் உடனே வந்தது. "நான் ஆபத்துல நிக்கறேன், அந்த மேடம் வேகத்தைக் குறைக்கவே இல்ல. மத்தவங்க எல்லாம் எவ்வளவு பொறுப்பா குறைச்சாங்க!"

"உங்களுக்காகக் குறைக்கல சார். நீங்க புல்லுலதானே இருந்தீங்க, ரோடு காலி," என்றான் சிமியு.

"பின்ன எதுக்குக் குறைச்சீங்க?"

ஒருவன் தொண்டையைக் கனைத்தான். "போலீஸ்னு நெனச்சுட்டோம் சார்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. லாகட் மட்டும் விடவில்லை. "மேடம், உங்களுக்கு அப்படித் தோணலயா?"

"எதுக்கு சார் தோணணும்?" என்றாள் முகுரே. அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

முடிவுப் பட்டியல் கம்ப்யூட்டர் போடுவது; அதற்குத் தலைவர், எஞ்சினியர் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. அதை வாசிப்பது தலைவரின் கடமை. தம்முடைய பெயர் பதினெட்டாவதாக இருந்ததால், லாகட் பத்தோடு நிறுத்திக்கொள்வதென்று முடிவு செய்து மெதுவாக வாசித்தார்.

"ஒன்பது, சிமியு. பத்து..." நீண்ட பெருமூச்சு. "பத்து, மேடம் முகுரே."

மேடம் மைக்கை அணைக்க மறந்து போட்ட கூச்சலில் மற்ற பத்தொன்பது பேரும் ஹெட்போனைக் காதிலிருந்து பிடுங்கினார்கள்.