சீல் வைத்த வாசல்

"வுடுங்கடா என்னைய! அவனுங்கள வெட்டாம நான் கொள்ளி வெக்க மாட்டேன்!"

பழனியின் கையிலிருந்த கோடாலியைப் பிடுங்க நாலைந்து பேர் அவன்மேல் விழுந்து சேற்றில் புரண்டார்கள். பெரியாஸ்பத்திரியில் அறுத்துக் கட்டிக் கொடுத்த அவன் அப்பா அப்பாதுரையின் உடம்பு, அவர் வீட்டுக்கு எதிரே நடுத்தெருவில், தார்ப்பாய்க்குக் கீழே பெஞ்சில் கிடந்தது. தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் கட்டிய வீடுதான். இப்போது கதவில் கடன் கொடுத்த கம்பெனியின் பூட்டு தொங்கியது. பூட்டின்மேல் அரக்கு, பக்கத்தில் நோட்டீசு. காவலுக்கு ஒரு போலீஸ்காரர், முருகேசன்.

சென்னையிலிருந்து காலையில் வந்து இறங்கிய மகள் பொன்னி, பெஞ்சின் கால்மாட்டில் நின்றிருந்தாள். அழுகை வரவில்லை. கிருஷ்ணவேணி மகளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"கம்பெனிக்காரனுங்க ஜீப்புல வந்தாங்கடி பொன்னி. தையில மொத்தமா கட்டிடறோம்னு உங்கப்பா கால்ல வுழுந்தாரு. கேக்கல. நெலையப் புடிச்சிக்கினு நின்னாரு, வுடல. வெரல பூட்ஸ் காலால மிதிச்சானுங்கடி பாவிங்க! இழுத்து வெளிய எறிஞ்சாங்க. மண்டை படியில போயி..."

"கால் வழுக்கி வுழுந்துட்டாருன்னு ஸ்டேஷன்ல எழுதிக்கினு கீறாங்க," என்று கத்தினான் பழனி. "ஐப்பசி கார்த்திகையில இந்தத் தெருவுல எவன் தவணை கட்டிக் கீறான்? இந்த வருசம் மட்டும் இன்னாத்துக்கு வந்தாங்க? எவனோ கைகாட்டிக் கீறான். அவனைத்தான் மொதல்ல வெட்டணும்!"

பொன்னி அண்ணன் முகத்திலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டாள்.

அவள் புள்ளியியல் படித்தவள். கடன் கம்பெனிகளுக்கு ஆய்வு செய்துகொடுக்கும் அலுவலகத்தில் வேலை. ஊர் ஊராக வருமானம், வட்டி, தவணை தவறிய மாதங்கள் எல்லாவற்றையும் ரிக்ரஷன் கணக்கில் போட்டு, எந்தப் பகுதியில் எவ்வளவு வீடுகள் ஜப்திக்குப் போகும் என்று சொல்ல வேண்டும். தென்னேரி பச்சை, வாலாஜாபாத் மஞ்சள் என்று வரைபடத்தில் வண்ணம் போட்டவள் அவள்தான். அவள் பிறந்த இந்தப் பிள்ளையார்பாளையம் ரத்தச் சிவப்பாக வந்தது. நெசவு நொடித்திருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

எதை விட்டோம் என்பது இப்போதுதான் உறைத்தது. அடைமழை பிடித்தால் தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் காயவைக்க முடியாது. தறிக்குழியில் ஊற்று எடுக்கும். மூன்று மாதம் தெருவே கையைக் கட்டிக்கொண்டு உட்காரும், தவணை நிற்கும். தையில் கல்யாணப் பட்டு போக ஆரம்பித்ததும் மொத்தமாகக் கட்டிவிடுவார்கள். அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான். சோறு தின்பதை யாராவது கணக்கில் எழுதுவார்களா? அந்தத் தெருப்பெண் என்பதால்தான் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் தவணை ஏன் நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். அட கடவுளே!

கைப்பேசி அடித்தது. மேலாளர் ராம்ப்ரஸாத்.

"பொன்னி, லீவுல தொந்தரவு பண்றேன், ஸாரி. உங்க மாடல் சூப்பர்மா! காஞ்சிபுரத்துல சிவப்பு ஏரியாவுல ஆரம்பிச்சுட்டாங்க. முதல் வீடு முடிஞ்சுது. அதையும் டேட்டாவுல சேத்துட்டா இன்னும் ஸ்ட்ராங்கா வரும். அந்த வரிசையிலயே அடுத்தடுத்து எடுக்கப் போறாங்களாம்."

"முடிஞ்சுதா சார்?"

"ம். ஏதோ சின்ன தகராறாம்."

"அது எங்கப்பா சார்," என்றாள் பொன்னி. அவள் வைத்துவிட்டாள்.

"இருட்டுதுபா," என்றார் பங்காளி ராமலிங்கம். "தெருவுலேந்தே எடுத்துடலாம். இன்னா பண்றது, நேரம் அப்படி."

கிருஷ்ணவேணி பெஞ்சின்மேல் விழுந்து மறித்தாள். "தொட்டீங்கன்னா நானும் மண்டைய ஒடைச்சிக்குவேன்! அவரு இன்னா நாதியத்தவரா, தெருவுலேந்து தூக்க? அந்த வாசல் வழியாத்தான் போவணும். இல்லாட்டி போவவே வேணாம்!"

பொன்னி அண்ணனிடம் போனாள். நான்கு பேர் அவனைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"அண்ணா, கோடாலிய என்கிட்ட குடு."

அவள் முகத்தில் என்ன கண்டானோ, விரல்களைத் தளர்த்தினான்.

"யம்மா, சீல ஒடைச்சா கேஸ் ஆயிடும்," என்று குறுக்கே வந்தார் முருகேசன். "படிச்ச பொண்ணு நீ. வேலை பூடும்மா."

"போவட்டும். தள்ளுங்க சார்."

முதல் அடி கதவில் விழுந்து பலகை பிளந்தது. இரண்டாவது நிலையில். மூன்றாவது பூட்டில் பட்டுத் தெறித்து, சில்லு ஒன்று அவள் கன்னத்தைக் கிழித்தது. அவள் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முடி அவிழ்ந்து விழ, யாரையோ வெட்டுவதுபோல வெட்டினாள். பூட்டு கழன்று விழுந்த பிறகும் இன்னொரு அடி அடித்தாள். முருகேசன் தெருமுனைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அப்பாதுரையை உள்ளே கொண்டுபோய்க் கூடத்தில் கிடத்தினார்கள். குளிப்பாட்டி, கோடி போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, அவர் வாசல் வழியாகவே அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பறைச் சத்தம் ஓரிக்கைச் சுடுகாட்டுப் பக்கம் தேய்ந்தது.

வீடு கழுவப் பெண்கள் கூடினார்கள். பின்கட்டுத் தறிக்குழியில் மழைத்தண்ணீர் விளிம்புவரை நின்றது. பக்கத்து வீட்டு அம்சவேணி வாளியால் அதை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி பொன்னி, நீ இந்த லோன் கம்பெனிங்க பக்கம்தானே வேலை செய்யற? எங்களுதும் நிக்குது. எங்க வூட்டுக்கும் வருவானுங்களா?"

பொன்னி எழுந்து கோடாலியை எடுத்து வந்தாள். தண்ணீரை வாங்கிக் கோடாலியில் ஒட்டியிருந்த அரக்கைச் சுரண்டிக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். பிறகு வெளியே போய், அம்சவேணி வீட்டுக் கதவுக்கு உள்பக்கம், கைக்கு எட்டுகிற மாதிரி சாத்தி வைத்துவிட்டு வந்தாள்.