சலுமிலு

எங்கள் அகராதி அலுவலகத்துக்குள் ஒரு சொல் நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பேச்சுச் சொல் என்றால் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் உறவினர்களாக இருக்கக் கூடாது. ஒரு வீட்டுச் செல்லப்பேச்சை ஊர்ச்சொல் என்று அச்சடித்துவிடக் கூடாதே என்று பதிப்பாசிரியர் அம்மா போட்ட சட்டம் அது. நல்ல சட்டம்தான். என் தலையிலேயே வந்து விடியும் என்று நினைக்கவில்லை.

கலகல, படபட, மினுமினு என்று காதையும் கண்ணையும் தொடுகிற சொற்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். சலசலவுக்கு அடுத்த பக்கத்தில் ‘சலுமிலு’ என்று எழுதினேன். வெயிலில் அசையும் நீரின் சத்தமும் மினுக்கமும் ஒன்றாகச் சேர்ந்தது என்று பொருள் போட்டேன். சலசலவும் மினுமினுவும் கலந்து பிறந்தது என்றும் சேர்த்தேன். விவரம் தெரிந்த நாளாகச் சொல்லிவருகிற சொல். உலகத்துக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன்.

மெய்ப்புப் பார்ப்பவர் சிரித்தார். “என்னங்க இது, கனவுல வந்துச்சா?”

அலுவலகம் முழுக்கக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. சின்ன வயதில் நானும் அக்காவும் படுத்த அறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி. காலை வெயில் அதில் பட்டு எங்கள் தலைக்கு மேல் கூரையில் ஆடும். அதற்கு அக்காதான் பெயர் வைத்திருக்க வேண்டும். ஒரு சாட்சி நான். இன்னொன்றுக்கு அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

நாங்கள் பேசி வருஷக்கணக்காகிறது. அப்பாவின் வீட்டை விற்றே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஒழுகுகிற கூரையைக் கட்டிக்கொண்டு யார் அழுவது? “இனி எனக்குத் தங்கச்சியே கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனவள் போனவள்தான்.

சொல்லுக்காகத்தான் போன் போட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“அக்கா, நான்தான். சலுமிலு ஞாபகம் இருக்கா?”

“இல்லாம பின்ன? பாத்திரம் கழுவுற தொட்டில வெயில் விழுந்தா இப்பவும் அதுதான் வாயில வருது.”

சட்டத்தைச் சொன்னேன். சாட்சிச் சீட்டில் உறவு என்ன என்று ஒரு கட்டம் இருப்பதையும், அதில் அக்கா என்று எழுதினால் சொல் போய்விடும் என்பதையும் சொன்னேன்.

“உறவு இல்லன்னு எழுதிக்கோடி. அன்னிக்கு நானே சொன்னதுதானே. வார்த்தையாவது பொழைக்கட்டும்.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பதிப்பாசிரியர் அம்மா வந்து நின்றார். “என்னம்மா, அச்சுக்குப் போகணும்.”

கட்டத்தில் ‘உடன்பிறந்த அக்கா’ என்று எழுதி நீட்டினேன். படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“அப்ப எடுத்துடவா?”

“எடுத்துடுங்க.”

சிவப்புப் பேனாவால் ஒரே கோடு. மறுபடி போன் போட்டேன்.

“வார்த்தை போச்சுக்கா.”

“ஏன்? என்ன எழுதித் தொலைச்ச?”

சொன்னேன்.

“மக்கு, மக்கு” என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, “ஞாயித்துக்கிழமை காலைலயே வந்துடு. பத்து மணிக்கு மேல தொட்டில வெயில் இருக்காது” என்றாள்.