அவளாகத் தந்த வீடு

…இல்லை, நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, கட்டாயம் என்றால் என்ன என்று இருபது வருடமாக ஏ.எல். வகுப்புக்கு அளவையியல் படிப்பிக்கிறவன் நான், நிந்தவூரில் எனக்குப் பெயரே தத்துவ மாஸ்டர், கையைப் பிடித்து இழுத்தால் கட்டாயம், பட்டினி போட்டால் கட்டாயம், நான் கேட்டேன், கேட்பது எப்படிக் கட்டாயமாகும்… உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு இராசதுரையின் கந்தோர் மேல்மாடியில் என்பதை மறந்துவிட்டேன், அது மட்டும்தான் பிழை. கல்முனையில் பஸ்ஸை விட்டிறங்கி முன்னால் நடந்து, ஏறி, மேலே நின்று திரும்பிப் பார்த்தால் என் மூத்த மகள் ஸாலிஹா, இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய இடது காலைக் கையால் தூக்கித் தூக்கி ஒவ்வொரு படியாக வைக்கிறாள், இறங்கிப் போய்க் கை கொடுத்திருக்கலாம், கொடுத்தால் அவளுக்கு அவமானம் என்று நினைத்தேன்… அப்படியா நினைத்தேன்?

வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், வீடில்லாத பெண்ணை யாரும் கலியாணம் முடிப்பதில்லை, என் மனைவி ஹாஜறா மௌத்தாவதற்கு முன், கால் ஏலாத புள்ள, வீடாவது இரிக்கட்டும் என்று இவள் பெயருக்கு எழுதிவிட்டாள், சூறாவளியில் ஓடு பறந்தபோது திரும்பப் போட்டது நான், ஆனாலும் வீடு அவளுடையது. பெண் தேடிக்கொண்டிருந்த பளீலின் ஆட்கள் முதலில் இவளைத்தான் பார்க்க வந்தார்கள், தேத்தண்ணித் தட்டோடு இவள் நடந்து வந்த பத்தடிக்குள் பேச்சு மாறிவிட்டது, இளையவளைத் தாருங்கள், வீட்டோடு தாருங்கள். நான் நியாயமாகத்தான் யோசித்தேன், இரண்டு பேரும் கலியாணமாகாத குமராக இருப்பதைவிட ஒருத்தி மட்டும் இருந்தால் துன்பம் பாதி, இதில் அறத்துக்கு விரோதமாக என்ன இருக்கிறது? “வீட்ட தங்கச்சிக்கு எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேக்கன், நீ மாட்டன் எண்டும் சொல்லலாம் மகள், உனக்குப் பூரண சுதந்திரம் இரிக்கி” என்றேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையை நிறுத்தவில்லை. “மறுக்க ஏலாதவன்ட சம்மதம் சம்மதமில்ல எண்டு நீங்கதானே வாப்பா எழுதினீங்க, நான்தானே கொப்பி பண்ணின.” மாணவருக்கு என் குறிப்புகளைப் பிரதி எடுப்பவள் அவள், விளங்கித்தான் எழுதியிருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம் வந்தது, யா அல்லாஹ், சந்தோஷம்… “ஆனா உனக்கு மறுக்க ஏலும்தானே?” என்று மடக்கினேன். வாதத்தில் வென்றுவிட்டேன். அவள் மீனாணத்தை என் சோற்றில் ஊற்றினாள், “வீட்டுக்குப் பின்பத்தியில ஒரு பாய் போட எடம் போதும் எனக்கு” என்றாள்.

இராசதுரை உறுதியை வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, “மாஸ்டர், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்றார். சட்டம் தெரிந்த மனிதர். நான் வாசலுக்குப் போனேன், ஆனால் அவள் கண்ணுக்குத் தெரியும்படி நின்றேன், வேறெங்கு நிற்பது, நடைபாதை ஒடுக்கம்… “ஆராச்சும் கரைச்சல் குடுத்து எழுதச் சொன்னாங்களா புள்ள?” அவள் என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், நான் பார்வையை எடுக்கவில்லை. “இல்ல ஐயா, நானாத்தான் தங்கச்சிக்குக் குடுக்கன்.” பேனை ஓடுகிற சத்தம். கேட்டதும் என் முதுகிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, இதற்கு மனச்சாட்சி என்று பெயரா, நிம்மதி என்று பெயரா?

இறங்கும்போது அவள் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தாள். பாதியில் நின்று, “வாப்பா, அஸீஸாட்ட கேட்டீங்களா, பளீல முடிக்க அவக்கு விருப்பமா எண்டு?” என்றாள். அஸீஸா, இளையவள், துணிக்கடையில் நான் எடுத்துக் கொடுத்ததை என் முகத்துக்கு நேரே வேண்டாம் என்கிறவள், கலியாணக் காவின் எழுத நாள் வைத்துப் பத்து நாளாகிறது, அவளிடம் நான் எதையுமே கேட்கவில்லை. சுதந்திரத்தைப் பற்றிய கேள்வியை, பதில் எனக்கு முன்பே தெரிந்த பிள்ளையிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்… ஸாலிஹா தலையை நிமிர்த்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்தது. “கெதியா எறங்கு மகள், பஸ் போயிரும்” என்றேன்.