அக்காவிடம் சொல்ல வேண்டியது

1.

இந்தக் கதை எனக்கு ஒரு மாடிப்படியில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

நூலகத்தின் மேல்தளத்தில், வாயால் கதை சொல்லக் கற்றுத்தரும் மாலை வகுப்பு ஒன்று நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் ஒரே வட்டமாக உட்கார்ந்து படிக்கிறார்கள். நானும் சேர்ந்திருந்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்து இறங்கும்போது, கூடப் படிக்கும் லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். தெருவாசல் வந்ததும் நிறுத்திவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். ஆகவே என்னிடம் இருப்பது பாதிக் கதை. மீதியை நானே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தப்புக்கணக்கு.

(அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அவர் அதில் ஏறமாட்டார். ஏன் என்று கேட்டேன். "அதை உள்ள திறந்து பாத்திருக்கேனே" என்றார்.)

2.

முதல் தொடக்கம்: "ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே மழை—"

வேண்டாம். மழை பெய்ததாக அவர் சொல்லவில்லை.

இரண்டாவது: "மரணம் என்பது நம் ஒவ்வொருவரின்—"

இது கட்டுரை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, அவர் பாணியில்: "அண்ணன் செத்துட்டாரு. அக்காவுக்குத் தெரியாது. நான்தான் சொல்லணும்."

கதை முடிந்துவிட்டது. அவர் பேச்சே இப்படித்தான்: பழுது என்ன, காரணம் என்ன, எப்போது சரியாகும். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்தியவர்களிடம் ஒருமுறை, "ரெண்டு மணி நேரம் ஆகும். கயிறு இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கு" என்று கதவுக்கு வெளியே நின்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். மேற்படி ஆறுதலுக்குப் பிறகுதான் கம்பெனி அவரை வகுப்பில் சேர்த்தது.

3.

வீட்டு விவரம். மூன்று பேர். மூத்தவர் அக்கா. நடுவில் அண்ணன். கடைசி நம் லிஃப்ட்காரர்.

அக்கா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவரை ஆபரேஷனுக்குள் கொண்டுபோயிருந்த சமயத்தில் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். தகனமும் முடிந்துவிட்டது. "பிரஷர் இறங்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் டாக்டர். பிரஷர் இறங்கிவிட்டது. இன்னும் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாசலில் இறங்கியதுமே பக்கத்து வீட்டார் துக்கம் விசாரிக்க வந்து நிற்பார்கள். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

வார்டுக்கு வெளியே குடும்பம் கூடியது. அத்தான் மின்விசிறியைப் பார்த்தார். அக்கா மகள்தான் வாய் திறந்தாள்.

"நீங்கதான் கிளாஸ் போறீங்களே மாமா."

"நாலே கிளாஸ்தாம்மா போயிருக்கேன்."

"எங்கள்ல யாரும் ஒண்ணுகூடப் போகலயே."

தீர்மானம் நிறைவேறியது.

அண்ணனைப் பற்றி. வாய் மூடாததால் வீட்டில் அவருக்கு ரேடியோ என்று பெயர். அந்தக் குடும்பத்தில் கதை சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இந்தச் சேதியைப் பக்குவமாகச் சொல்லக்கூடியவரும் அவர் ஒருவர்தான்.

அவரோடு அக்காவுக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணமும் ஒரு கதை. அக்கா மகள் கல்யாணத்தில், புதுச் சம்பந்திகள் நடுவே, அக்கா சின்ன வயதில் பரீட்சை ஹாலிலேயே தூங்கிப்போனதை ரேடியோ குறட்டைச் சத்தத்தோடு நடித்துக் காட்டினார். மண்டபமே சிரித்தது. அக்கா எழுந்து போனார். அவ்வளவுதான்.

(அக்காவை முதல் பிரதியில் சாதுவாக, கண்ணீர் மல்க எழுதியிருந்தேன். ஒரு வாக்கியத்துக்கு மேல் அவர் அப்படி இருக்க மறுத்துவிட்டார். கீழே வருபவர்தான் அசல்.)

4.

வகுப்பில் டீச்சர் சொல்லிக்கொடுத்தது: சின்ன விஷயத்தில் ஆரம்பி. கேட்பவர் கண்ணைப் பார். முடிவு கையில் இருக்கட்டும், முகத்தில் வேண்டாம்.

லிஃப்ட்காரர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அக்கா, ரேடியோ ஸ்கூல் ஜன்னல்ல தலைய மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கா?"

"அவன் பேச்சு எனக்கு எதுக்கு?"

அவர் பேசாமல் இருந்தார். வகுப்பில் அதற்கு இடைவெளி விடுதல் என்று பெயர். உண்மையில் அடுத்து என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"மாட்டிக்கிட்டு? சொல்ல வந்தா முழுசா சொல்லு."

சொன்னார். கம்பிக்கு வெளியே தலை மட்டும். வேடிக்கை பார்க்கக் கூட்டம். அந்த நிலையிலும் ரேடியோ ஹெட்மாஸ்டர் போலப் பேசிக் காட்ட, சிரித்த சிரிப்பில் கம்பி அறுக்க ஆள் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. ஹெட்மாஸ்டரும் கூட்டத்தில் நின்று கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறார்.

"காதுல எண்ணெயத் தடவி இழுத்தது யாரு? நான். அத மட்டும் விட்டுட்ட பாரு" என்றார் அக்கா. அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதடா, தையல் இழுக்குது."

பக்கத்துக் கட்டில் நோயாளியும் இந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்த இடத்தில் சேதியை எப்படி நுழைப்பது? "மீதி நாளைக்கு" என்று எழுந்துவிட்டார்.

"சொல்லிட்டீங்களா மாமா?"

"ஆரம்பிச்சிருக்கேன்."

மறுநாளும் அதே கேள்வி.

"எது வரைக்கும் வந்திருக்கீங்க?"

"காலேஜ் வரைக்கும்."

5.

அன்று மாலை வகுப்பில் கேட்டார்: "கெட்ட சேதிய எப்படி டீச்சர் சொல்றது?" விவரத்தையும் சொன்னார்.

"கடைசில ட்விஸ்ட் மாதிரி வச்சிடுங்க அங்கிள்" என்றாள் பள்ளி மாணவி ஒருத்தி.

டீச்சர் அவளை அடக்கிவிட்டு, "அவங்க எப்படிக் கேக்குறாங்க?" என்றார்.

"ரொம்ப ரசிச்சுக் கேக்குறாங்க. அதான் பிரச்சினை."

"இது கதை இல்லைங்க. அவங்களுக்கு வந்திருக்கிற சேதி. நீங்க அதப் பிடிச்சு வச்சுக்கிட்டிருக்கீங்க."

"நீங்கதானே டீச்சர் பிடிச்சு வைக்கச் சொன்னீங்க."

டீச்சருக்குப் பதில் வரவில்லை. அது இடைவெளி விடுதல் அல்ல என்று எங்களுக்கே தெரிந்தது.

6.

மூன்றாம் நாள் ஒரே வரியோடு போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அக்கா தலை வாரி, தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தார்.

"வா. இன்னிக்கு என் பொண்ணு கல்யாணக் கதைதானே?"

"அக்கா—"

"நீ இரு. இத நான் சொல்றேன்." சொன்னார். குறட்டைச் சத்தம்கூட விட்டார். "நான் தூங்கினது நிஜம்தான். அவன் நடிச்சப்போ எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. சம்பந்தி முன்னாடி சிரிச்சா மானம் போயிடும்னு எழுந்து போனேன். கோவம்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. போன பிறகு எப்படித் திரும்பி வர்றதுன்னு தெரியல."

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார்.

"மூணு நாளா அவனப் பத்தியே பேசுறியே, எனக்குப் புரியாதா? அவன்தானே உன்ன அனுப்பினான்? நாளைக்கு வீட்டுக்குப் போறேன், அங்க வரச் சொல்லு. ஃபோன் போடு, நானே பேசுறேன்."

பல வருஷம் அழைக்காத எண்ணை மனப்பாடமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். இவர் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார்.

அவர் இது வரை சொன்னதும் தெருவாசல் வந்துவிட்டது. பஸ்ஸும் வந்துவிட்டது.

7.

எழுதிப் பார்த்த முடிவுகள்.

(அ) கதவு திறக்கிறது. ரேடியோ உள்ளே வருகிறார். ஆஸ்பத்திரியில் பெயர் மாறிப்போச்சாம். நினைத்தால் நான் இதைச் செய்யலாம், தாளும் பேனாவும் என்னுடையவை. ஆனால் எரித்துவிட்டு வந்தவர்களிடம் இதை எப்படிப் படித்துக் காட்டுவது?

(ஆ) அக்காவுக்கு முன்பே தெரியும். தம்பி சங்கடப்படக் கூடாது என்று தெரியாததுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. பிறகுதான் உறைத்தது: இதில் லிஃப்ட்காரர் தப்பிக்கிறார், நான் தப்பிக்கிறேன், நீங்களும் தப்பிக்கிறீர்கள். அக்கா ஒருவர்தான் எல்லோருடைய பாரத்தையும் சுமக்கிறார், அதுவும் உடைந்த இடுப்போடு. கிழித்துவிட்டேன்.

(இ) அவர் சொல்லிவிடுகிறார். "அக்கா, அண்ணன்—"

இதற்கு மேல் எழுதலாம். பலமுறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் வாக்கியம் சரியாகத்தான் அமைந்தது. ஆனால் தாளில் எழுதியது அக்காவின் காதில் விழாது. யாராவது வாயைத் திறந்தாக வேண்டும்.

8.

ஸ்டூல் காலியாக இருக்கிறது. உட்காருங்கள்.

ஃபோனை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி இலக்கம் மட்டும் பாக்கி. அந்தப் பக்கம் ஃபோன் இப்போது அண்ணியிடம் இருக்கிறது. எடுத்தால் முதலில் கேட்பது அழுகைதான். அக்காவுக்குச் சேதி அப்படிப் போய்ச்சேரக் கூடாது.

அக்காவுக்கு முகம் மலர்ந்திருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது, கையைப் பிடித்துக்கொள்வதா வேண்டாமா என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். மனதுக்குள் படித்துவிட்டுப் போவதும் ஆகாது. வாய்விட்டு, அவருக்குக் கேட்கும்படி.

"என்ன, ரிங் போகுதா?" என்கிறார் அக்கா.

சொல்லுங்கள்.