இரண்டு தரம் வளைந்த கம்பி

குற்றாலத்தில் விடியும் முன்பே சம்மட்டிச் சத்தம் எழுந்துவிட்டது. இடித்த லாட்ஜின் பழைய கம்பிகளைச் சுந்தரபாண்டியன் அடித்து நிமிர்த்த, இத்ரீஸ் அவற்றை வளைப்புப் பலகையில் கொடுத்து மறுபடி வளைத்தான். துரு மூக்கில் ஏறியது.

சாரத்து மூங்கில் வளைந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். சித்தாள் சுகிர்தம் முறுக்கும் கட்டுக்கம்பி முறுக்கியபடியே நிற்கும். வளைத்து நிமிர்த்திய இரும்போ அதே இடத்தில் மறுபடி வளைத்தால் ஒடியும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். முதலாளி கோமதிசங்கருக்கும் தெரியும். சொந்த வீட்டுக்குப் புதுக்கம்பிதான் போட்டார்.

எழும்புவது யோகா விடுதி. வாசல் விளம்பரப் பலகையில் முதலாளி கண்மூடிச் சம்மணமிட்டிருந்தார். படம் எடுத்தபின் அவரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டதைப் பலகை சொல்லவில்லை.

"அண்ணாச்சி, பால்கனிக்காவது புதுசு போடுங்க. இது ஒடியுது."

"மூச்ச இழுத்து விட்டு வளைலே இத்ரீஸு. எல்லாம் மனசுதான்."

இத்ரீஸ் மூச்சை இழுத்தான். கம்பி ஒடிந்தது. தெறித்த துண்டு அவன் இடது கண்ணில் பாய்ந்தது.

காரில் ரத்தம் படும் என்று லோடு ஆட்டோவை வரவழைத்தார் முதலாளி.

"ஆஸ்பத்திரியில கேட்டா அருவியில வழுக்கி விழுந்தான்னு சொல்லுங்க. இங்கன அது சகஜந்தான."

"எந்த அருவியில, அண்ணாச்சி?" என்றாள் சுகிர்தம்.

"மெயினருவியில."

"அங்கன குரங்கே குடிக்கத் தண்ணி தேடி அலையுது."

"அப்ப ஐந்தருவின்னு சொல்லு."

"அங்கயும் பாறதான் கெடக்கு."

"வாய அடக்குட்டி! நாளைக்கே பாவூர்சத்திரத்து ஆள எறக்குதேன்."

இறக்குவார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. என்றாலும் சுந்தரபாண்டியன் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினான். மற்றவர்களும் ஏறினார்கள்.

தென்காசியில் டாக்டர் கண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எப்படி ஆச்சு?"

பின்னாலேயே காரில் வந்திருந்த முதலாளி முந்திக்கொண்டார். "அருவியில..."

"இல்ல. வேலையில," என்றாள் சுகிர்தம். "பழைய கம்பி ஒடிஞ்சு."

"நானும் பாத்தேன்," என்றான் சுந்தரபாண்டியன். பின்னால் நின்றவர்களும் பார்த்திருந்தார்கள்.

"சொன்னா கண்ணு வந்துருமால?" முதலாளி சிரித்தார்.

கட்டிலிலிருந்து இத்ரீஸ் முனகினான். "வராது அண்ணாச்சி. நாளைக்கு அந்தப் பால்கனியில ஒருத்தன் நிப்பாம்லா."

கண் வரவில்லை.

மறுநாள் விடியலில் பாவூர்சத்திரத்து வேன் வந்து நின்றது. வேலை பறிபோனவர்கள் வாசலில் நின்றார்கள். கல்லும் எறியவில்லை, கோஷமும் போடவில்லை. சுகிர்தம் ஒடிந்த கம்பியின் மறுபாதியை வேன் ஜன்னல் வழியே நீட்டினாள்.

"கூலி கூட்டித் தாரேன், எறங்குங்கலே!" பலகையில் சாந்தமாயிருந்தவர் அதன் கீழே நின்று கத்தினார்.

முன்சீட்டுக்காரன் கம்பியின் ஒடிந்த முனையை விரலால் தடவிப் பார்த்தான். பின்னால் கொடுத்தான்.

துண்டு வேனுக்குள் கைமாறிக்கொண்டிருந்தது. இன்னும் யாரும் இறங்கவில்லை.