இரண்டு தட்டு

அக்கா அந்தப் பழைய பீர் பாரைக் குத்தகைக்கு எடுத்த நாளிலிருந்து எனக்கு ஓயாமல் ஃபோன். "நாலு மணியானா கீழேருந்து தட்டுதுடா. நான் ஒருத்திதான் அங்க இறங்குறேன். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்குறேன்."

நான் குழாய் வேலை செய்பவன். தட்டுகிற குழாய் என்றால் மற்றவர்களுக்குத் தலைவலி, எனக்கு விருந்து. மறுநாள் மதியமே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

நூற்றைம்பது வருடக் கட்டடம். முன்பு கப்பல் கம்பெனி அலுவலகமாக இருந்ததாம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே விளக்கு போட்டாக வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு பலகைக் கதவு. அதைத் தூக்கினால் நிலவறைக்குப் பன்னிரண்டு கல்படிகள். பீர் பீப்பாய்கள் கீழே இருந்தன, பீரை மேலே தள்ளும் வாயு சிலிண்டர்களும் அங்கேதான்.

பார்மேனை எல்லோரும் மீசை என்றார்கள். மீசையை மழித்துப் பத்து வருடம் ஆகிவிட்டது, பெயரை மழிக்கத்தான் முடியவில்லை.

"நான் இறங்க மாட்டேன் சார். வேணும்னா எழுதிக் குடுக்கட்டா?" என்றார் கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடி.

"கீழ என்னதான் இருக்கு?"

"யாரு இருக்கான்னு கேளுங்க."

அந்த பாரில் ஒரு வழக்கம் உண்டு. கத்தினால் கல் சுவர் குரலை விழுங்கிவிடும் என்பதால், நிலவறையில் இருப்பவர் ஸ்பேனரால் குழாயைத் தட்டித்தான் மேலே இருப்பவரிடம் பேசுவார். ஒரு தட்டு என்றால் எல்லாம் சரி. இரண்டு தட்டு என்றால் இறங்காதே. இந்த வழக்கத்தை உண்டாக்கியவர் பல வருடங்களுக்கு முன் அங்கே வேலை பார்த்த ஒரு நிலவறைக்காரர். வாயு கசிந்து மூச்சு முட்டி விழுந்தபோதும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் உயிரை விட்டாராம். இறங்க வந்த கூட்டாளி அதைக் கேட்டு நின்றதால் பிழைத்தான்.

"அவருதான் இன்னும் டூட்டி பாக்குறாரு," என்றார் மீசை.

"சம்பளம் யாரு குடுக்குறா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான்கு மணிக்குக் கீழே டார்ச்சோடு நின்றேன். சரியாக ஒரு தட்டு. எனக்கும் பிடரி சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த நொடியே சிரித்துவிட்டேன். குவளை கழுவ மேலே நான்கு மணிக்குத்தான் வெந்நீர் திறக்கிறார்கள். சூடு ஏறினால் செம்புக் குழாய் நீளும். ஒரு மயிரிழைதான், ஆனாலும் நீளும். உத்தரத்தில் அது நுழையும் ஓட்டை இறுக்கமானது. நீள வழியில்லாமல் முறுக்கிக்கொண்டு நின்று, தாங்க முடியாதபோது சட்டென்று நழுவும். அந்த நழுவல்தான் 'டொக்'.

அக்காவை உட்கார வைத்து இதை இரண்டு முறை விளக்கினேன்.

"புரியுதுடா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

ஓட்டையைப் பெரிதாக்கி, கம்பளித் துணி சுற்றி, சுவரில் புதுக் கவ்வி அடித்தேன். கவ்விக்கு இடம் வேண்டி, குறுக்கே இருந்த வாயுக் குழாயை இரண்டு விரல் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் மூன்று மணிக்கு நானும் போயிருந்தேன், நான்கு மணி மௌனத்தைக் கேட்டுப் பெருமைப்படுவதற்காக. ஒரு பீப்பாய் தீர்ந்திருந்தது. அக்கா முதன்முறையாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பலகைக் கதவைத் தூக்கினாள். முதல் படியில் கால் வைத்தாள்.

டொக். டொக்.

அக்கா அப்படியே நின்றாள்.

"குழாய்தான்க்கா, போ," என்றேன். வாயிலிருந்து சொல் விழுந்த பிறகுதான் சுவரைப் பார்த்தேன். பாய்லர் ஸ்விட்சே போடவில்லை. வெந்நீர் இல்லை. நீளுவதற்குக் குழாயில் சூடு இல்லை.

"மேடம், ஏறி வாங்க," என்றார் மீசை.

அக்கா ஏறினாள். ஒரு குவளையில் மெழுகுவர்த்தியை ஏற்றி, கயிற்றில் கட்டி இறக்கினேன். நான்காம் படி வரை எரிந்தது. ஐந்தாம் படியில், யாரோ விரலால் கிள்ளியதுபோல அணைந்தது.

பீரைத் தள்ளும் வாயுவுக்கு நிறமில்லை, பேருக்குக்கூட வாசமில்லை. காற்றைவிடக் கனம். தொட்டியில் தண்ணீர் நிறைவதுபோல் அடியிலிருந்து நிறையும். அதற்குள் முழுதாக இறங்கியவர் இரண்டு மூச்சில் விழுவார். நிலவறையின் தெருப்பக்கத் திறப்பை வெளியிலிருந்து திறந்து, மின்விசிறி வைத்து, மாலை வரை காத்திருந்து, மெழுகுவர்த்தி கடைசிப் படி வரை எரிந்த பிறகு இறங்கினேன். சிலிண்டர் மூட்டில் மரை அரைச் சுற்று தளர்ந்திருந்தது. நான் இரண்டு விரல் தள்ளி வைத்த அதே குழாய்.

மேலே வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குழாயில சுத்துன அந்தத் துணியை எடுத்துடு," என்றாள்.

எடுத்துவிட்டு, பெரிதாக்கிய ஓட்டையில் மரச்சக்கை அடித்துக் குழாயைப் பழையபடி இறுக்கினேன். சிலிண்டர் மூட்டையும் முடுக்கி, வாயு கசிந்தால் அலறும் கருவி ஒன்றும் மாட்டினேன். இப்போது நான்கு மணிக்குப் பழையபடி ஒரு தட்டு கேட்கிறது. அது ஏன் என்று யார் கேட்டாலும் படம் போட்டு விளக்குவேன்.

ஆனால் அந்த நிலவறையில் வேலை என்றால், கருவியைப் பார்த்த பிறகும் முதல் படியில் நின்று குழாயை ஒரு தட்டு தட்டுகிறேன். பதில் வரும்வரை இறங்குவதில்லை. வந்த பிறகு, பாய்லர் ஸ்விட்ச் பக்கம் திரும்பிப் பார்ப்பதுமில்லை.