மாப்பிள்ளைச் செடி

பாம்... பாம்... பாம்! லாரி ஹாரன் அடித்த அடியில் கண்ணாடி வீடே அதிர்ந்தது.

"பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டாங்கய்யா!" என்று தோட்டக்காரரிடம் கூவிவிட்டு, தாவரப் பூங்காவின் இயக்குநர் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார்.

பொண்ணு என்றால் செடிதான். பாம்பு படமெடுத்தாற்போல் பூக்கும் அபூர்வக் காட்டுக் கிழங்கு. இவருடைய பூங்காவில் இருந்த ஒற்றைச் செடி போன வருஷம் ஆணாகப் பூத்தது. வேறொரு பூங்காவில் இருந்த ஒற்றைச் செடி பெண்ணாகப் பூத்தது. அப்போதே சம்பந்தம் பேசி முடித்தாகிவிட்டது.

இயக்குநர் சாலைத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். செடிகளோடு அவருக்கு இருந்த பழக்கமெல்லாம் ரோட்டோரத்தில் வெட்டித் தள்ளியதுதான். இந்த வருஷம் ஓய்வு. "அந்த விதை மட்டும் உங்க கைக்கு வந்துட்டா, இன்னும் ரெண்டு வருஷம் நாற்காலி உங்களுக்குத்தான்" என்று மேலிடம் ஆசை காட்டியிருந்தது.

அதனால்தான் பேச்சில் அத்தனை கறார். "வாரிசு ஆண் வீட்டுக்குத்தான். ஆண் செடி யாரோடதோ, விதை மொத்தமும் அவங்களுக்கு!" என்று எல்லார் முன்னாலும் மேஜையைத் தட்டினார். பெண் செடி இருந்த பூங்காவின் பேராசிரியை கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி. ஆனா பின்னாடி பேச்சு மாறக் கூடாது" என்றார்.

ஜெயித்த குஷியில் மாப்பிள்ளைக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே! எரு, புண்ணாக்கு, மீன் உரம், வெயில் படாமல் நிழல் வலை. "மாப்பிள்ளை இளைச்சா மானம் போயிடும்யா, போடு இன்னொரு கூடை" என்று தோட்டக்காரரைப் பிடுங்கி எடுத்தார். கிழங்கு பூசணிக்காய் மாதிரி ஊதிப் போனது.

இப்போது இரண்டு தொட்டிகளும் அக்கம்பக்கமாக உட்கார்ந்தன. வந்த பொண்ணோ ஒட்டி உலர்ந்து நோஞ்சானாக இருந்தாள்.

"என்னம்மா, பொண்ணுக்குச் சோறே போடலையா?"

"எங்க பக்கம் மழையே இல்லீங்க, சம்பந்தி." பேராசிரியை லென்ஸோடு குனிந்து மாப்பிள்ளைப் பூவின் படத்தை விலக்கிப் பார்த்தார். "அடடா! உங்க மாப்பிள்ளை பொண்ணா பூத்திருக்காருங்க."

இயக்குநர் எட்டிப் பார்த்தார். உள்ளே மகரந்தம் மருந்துக்கும் இல்லை. பச்சைப் பச்சையாகப் பிஞ்சு முத்துகள்தான். நோஞ்சான் பொண்ணின் பூவிலோ மஞ்சள் பொடி கொட்டிக் கிடந்தது.

"இந்தச் செடி அப்படித்தாங்க. காய் சுமக்கத் தெம்பு வேணும். கிழங்கு கொழுத்தா பொண்ணாகும், இளைச்சா ஆணாகும். பொடியை உதறிட்டுப் போறதுக்குப் பெருசா என்ன சத்து வேணும்?"

தோட்டக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"எங்க பேச விட்டீங்க? மேஜையைத் தட்டிக்கிட்டே இருந்தீங்களே." பேராசிரியை தூரிகையால் பொடியை எடுத்து, கொழுத்த செடியின் பூவில் பதமாகத் தடவினார். "கல்யாணம் முடிஞ்சது. விதை முத்தினதும் சொல்லி அனுப்புங்க, லாரி வரும். இப்ப ஆண் வீடு நாங்கதானே?"

நாற்காலி கையை விட்டு நழுவுவது இயக்குநருக்குத் தெரிந்தது. பாய்ந்து போய்த் தொட்டியைக் கட்டிக்கொண்டார்.

"நல்லா இருக்கும்மா நியாயம்! வயித்துல சுமக்கிறவ எங்க பொண்ணு. பெத்தவளுக்கு இல்லாத உரிமை அப்பன்காரனுக்கு எங்கேருந்து வந்துச்சு?"